தோளில் ஒரு தட்டு

குர்லாவில் வண்டி மாறிச் செம்பூர் பக்கம் போகிற ரயிலில் காலை நேரத்தில் ஏறியவர்களுக்குத் தெரியும், அந்த நெரிசலில் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்கே நிச்சயமாகத் தெரியாது. அப்படி ஒரு காலையில், கதவோரத்தில், "பாக்கெட்மார்! பாக்கெட்மார்!" என்று ஒரு கூச்சல் எழுந்தது.

கூச்சல் போட்டவர் கோட்டு அணிந்த பெரிய மனிதர். நெற்றியில் சந்தனக் கீற்று, தோளில் ஒரு தோல்பை. அந்தப் பையின் வார்மேல் அப்போதும் ஒரு கை இருந்தது. அது என் அத்தானுடைய கை.

ஜேப்படித் திருடனாக இருந்தால் கையை உதறிக்கொண்டு கூட்டத்தில் கரைந்திருப்பான். அத்தான் வாரை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். கொக்கியை அழுத்தினார். பெரிய மனிதரின் தோளில் பலமாக ஒரு தட்டுத் தட்டி, "ஓகே" என்றார்.

பம்பாய் ரயிலில் பாக்கெட்மாரை அடிப்பது ஒரு பொதுச் சேவை. கணக்கெழுதும் குமாஸ்தாக்கள்கூடச் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார்கள். நான் இந்தியில், "இவர் மிலிட்டரிக்காரர், விடுங்கள்" என்று கத்தினேன். பிடிபட்ட எல்லாப் பயலும் அதைத்தான் சொல்கிறான் என்று பின்னாலிருந்து ஒருவர் பதில் சொன்னார்.

முதல் அடி விழுவதற்குள் அத்தானை உங்களுக்கு அறிமுகம் செய்துவிடுகிறேன். ஓங்கிய கைகள் அப்படியே இருக்கட்டும். அந்த நெரிசலில் அவற்றால் வேறெங்கும் போக முடியாது.

வானத்திலிருந்து வந்தவர்

ஹவில்தார் தாவீது என் அக்கா எஸ்தரின் கணவர். திருநெல்வேலிச் சீமையில் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். பட்டாளத்தில் சேர்ந்து, அங்கேயும் எல்லோரும் போகிற வழியில் போகாமல், பாராசூட் படைக்கு எழுதிக் கொடுத்தவர். சேர்ந்தவர்களில் பாதிப் பேரைக் கழித்துவிட்டு மீதிப் பேரை மட்டும் வைத்துக்கொள்கிற படை அது. மார்பில் இறக்கைச் சின்னம், தலையில் மெரூன் நிறத் தொப்பி. ஊருக்கு லீவில் வந்தால் அந்தத் தொப்பியோடுதான் கோயிலுக்குப் போவார். வாசலில்தான் கழற்றுவார், அதுவும் பாதிரியார் பார்த்த பிறகு.

பாகிஸ்தானோடு நடந்த சண்டை ஓய்ந்து, இருட்டடிப்புக்காக ஜன்னல்களில் ஒட்டிய பழுப்புக் காகிதத்தை எல்லோரும் சுரண்டிக்கொண்டிருந்த சமயம். அத்தானின் சர்வீஸ் முடிந்தது. அக்காவும் இரண்டு பெண் குழந்தைகளும் ஏற்கெனவே தாராவியில் என் ஒற்றை அறைக் கோலிக்கு வந்திருந்தார்கள். அத்தான் இரும்புப் பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

அந்தக் கோலியைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அவ்வளவு சின்ன அறையில் ஐந்து பேர் எப்படி இருந்தீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முறை வைத்து மூச்சு விட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது பெண் பார்த்து முடித்திருந்தார்கள். பெண் வந்தால் எங்கே நிற்பாள் என்பதை மட்டும் யாரும் முடிக்கவில்லை. ஆக, அத்தானுக்கு ஒரு வேலை கிடைப்பதில் எங்கள் எல்லோருடைய வாழ்க்கையும் தொங்கிக்கொண்டிருந்தது.

தாராவியில் அவருக்கு முதல் வாரம் ராஜ மரியாதை. தண்ணீர்க் குழாய் வரிசையில்கூட வழி விட்டார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு குதிக்கும்போது நடுவானில் குடை மக்கர் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். "அப்புறம் என்ன, கீழ சீக்கிரமா வந்துரலாம்" என்பார் அத்தான்.

சண்டையில் எத்தனை தடவை குதித்தீர்கள் என்று கேட்டால் மட்டும் முகம் மாறும். வருஷக்கணக்காகக் குதிக்கப் பழக்கிய படையைச் சண்டை வந்ததும் மலைமேல் நடத்தியே ஏற்றிவிட்டார்களாம். மழையில், முட்டி தேய, ராத்திரி முழுக்க ஏறினார்களாம். மேலிடத்து யோசனைகள் பம்பாய்க் கம்பெனிகளில் மட்டும் இல்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது.

தட்டு என்றால் என்ன

அந்தப் பழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்களும் அத்தானைப் பாக்கெட்மார் என்றே நினைத்துவிடுவீர்கள்.

விமானத்தில் கதவு திறந்ததும் சிவப்பு விளக்கு எரியும். எல்லோரும் எழுந்து வரிசையாக நிற்பார்கள். தன் முதுகில் இருக்கும் பை சரியாக இருக்கிறதா என்று தன்னால் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொருவனும் தனக்கு முன்னால் நிற்பவனின் வார், கொக்கி, கயிறு எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, தோளில் தட்டி, "ஓகே" என்று சொல்ல வேண்டும். அந்தத் தட்டு விழாமல் யாரும் கதவுப் பக்கம் நகர மாட்டார்கள். பிறகு பச்சை விளக்கு. அதன் பிறகு யோசனையே கிடையாது, வெளியேதான்.

"நம்ம உசுரு நமக்குப் பின்னால நிக்கவன் கையில, மாப்ளே" என்பார் அத்தான்.

பல வருஷம் இதைச் செய்த கை சும்மா இருக்குமா? ரயில் கதவோரம் யார் முன்னால் நின்றாலும் அவர் கை தானாக அந்த ஆளின் பைவாரைத் தேடிப் போகும். அவர் கூட வருகிற நாளெல்லாம், காலையில் சயானில் ஏறி குர்லாவில் இறங்கும்போதும், மாலையில் திரும்பி சயானில் இறங்கும்போதும் நான் தவறாமல் சோதிக்கப்பட்டேன். டிபன் பையின் காதை இழுத்துப் பார்ப்பார், தோளில் தட்டுவார், "ஓகே". நான் செம்பூரில் ஒரு மருந்துக் கிடங்கில் டைப்பிஸ்ட். என் பையில் இருந்தது எலுமிச்சைச் சாதம். அது பத்திரமாகத் தரையிறங்க வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு அக்கறை. கூட வரும் ஆபீஸ் நண்பர்கள் சிரிப்பார்கள், எனக்கு வெட்கமாக இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. பம்பாயில் குமாஸ்தா, கூலி, கல்லூரி மாணவன் என்று எல்லோரும் ஓடுகிற வண்டியிலிருந்து தினமும் குதிக்கிறார்கள். அந்த ஊரிலேயே குதிப்பதற்குச் சர்க்கார் சர்ட்டிபிகேட் வைத்திருந்த ஒரே மனிதர் மட்டும் வண்டி முழுவதும் நின்ற பிறகுதான் இறங்குவார். உத்தரவில்லாமல் குதிப்பது ஒழுங்கீனமாம். பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள், தள்ளுவார்கள். அவர் அசைய மாட்டார்.

பொன்னாடையும் கதவுகளும்

மாதுங்காவில் ஒரு சங்கத்தார் ஜவான்களுக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். காபி வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்த மண்டபம். மேடையில் அத்தானோடு அவருடைய பழைய படைத் தோழர் நாயக் ஷிண்டே என்ற சதாராக்காரரும் இருந்தார். இருவருக்கும் சந்தன மாலை, பொன்னாடை, ஆளுக்கொரு வெள்ளி முலாம் பூசிய குத்துவிளக்கு. எங்கள் கோலியில் அந்தக் குத்துவிளக்கை வைக்க இடமில்லாமல் கடைசியில் அதன்மேல் துணி காயப்போட்டோம்.

கம்பெனி டைரக்டர்களும் மானேஜர்களும் பேசினார்கள். எங்கள் கதவு உங்களுக்காக எப்போதும் திறந்திருக்கும் என்று ஒருவர் ஆரம்பித்து வைத்தார். அடுத்து வந்தவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் கதவையும் திறந்தார்கள். கூட்டம் முடிவதற்குள் பம்பாயில் மூடிய கதவே கிடையாது என்று அக்கா நம்பிவிட்டாள்.

மறு வாரத்திலிருந்து அத்தான் ஒவ்வொரு கதவாகப் போனார். எல்லாமே உண்மையாகவே திறந்திருந்தன. உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் அத்தானிடம் ஒரே வேலைதான் இருந்தது. திறந்திருக்கும் அந்தக் கதவுக்கு வெளியே தடியோடு நிற்பது.

வேலை வாய்ப்பு அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். ஓட்டுநரா, சமையலா, பிட்டரா, எழுத்தரா என்று கேட்டுக்கொண்டே வந்தார். அத்தான் எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். பின்னே என்னதான் தெரியும் என்றதற்கு, பறக்கும் விமானத்திலிருந்து ஆயுதத்தோடு குதித்து, எதிரிக்குப் பின்னால் இறங்கி, பாலத்தைத் தகர்க்கத் தெரியும் என்று சொன்னார். குமாஸ்தா பதிவேட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தார். பம்பாய் முனிசிபாலிட்டி எல்லைக்குள் அப்படி ஒரு காலி இடம் இப்போதைக்கு இல்லை என்று வருத்தத்தோடு சொல்லி, வாட்ச்மேன் என்ற தலைப்பின் கீழ் பெயரை எழுதிக்கொண்டார்.

கதவில் நின்றவன்

வாட்ச்மேன் வேலை என்றால் கேவலமா என்று உங்களில் சிலர் கேட்கலாம். நானும் கேட்டேன். கௌரவம் பார்க்கிற நிலைமையிலா இருக்கிறோம் என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

அத்தான் அன்றைக்குத்தான் அதைச் சொன்னார். பச்சை விளக்கு எரிந்தும் குதிக்காமல் கதவில் நின்றுவிடுகிறவர்கள் உண்டாம். நல்ல தைரியசாலிக்கும் நேர்ந்துவிடுமாம். அவனை இழுத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் குதிப்பார்கள். விமானம் அவன் ஒருவனோடு திரும்பிப் போகும். மறுநாள் அவன் கட்டில் காலியாக இருக்கும். இறக்கைச் சின்னம் போய்விடும். அவனை யாரும் திட்ட மாட்டார்கள். அவனைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். பேச வேண்டி வந்தால் 'கதவில் நின்றவன்' என்பார்கள். அந்தப் படையில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

"இப்ப போற எடமெல்லாம் கதவுல நில்லு, கதவுல நில்லுங்காவ" என்றார். "செத்தாலும் அது மட்டும் நமக்கு வேண்டாம் மாப்ளே."



இந்தச் சமயத்தில் ஒரு நாள் தாதரில் ஒரு கல்யாண ஊர்வலம் எங்களைத் தாண்டிப் போனது. பேண்டு வாத்தியக் கோஷ்டியில், ஜெனரலுக்குக்கூட இல்லாத அளவுக்குத் தங்கப் பட்டைகள் வைத்த சிவப்புக் கோட்டு போட்டு, பெரிய டிரம்மை அடித்துக்கொண்டு போனவரைப் பார்த்தால், நாயக் ஷிண்டே. அத்தானைப் பார்த்ததும் டிரம் அடிக்கும் கோலாலேயே ஒரு சல்யூட் வைத்தார். அத்தானும் நடுத்தெருவில் விறைப்பாக நின்று பதில் சல்யூட் வைத்தார். குதிரைமேல் இருந்த மாப்பிள்ளை தனக்குத்தான் என்று நினைத்துக் கையை ஆட்டினான்.

மறுபடியும் அந்த ரயில்

அத்தானை அந்த ரயிலுக்குள் கொண்டு வந்தது ஒரு நல்ல சேதி. செம்பூரில் பித்தளைக் குழாய் வார்க்கிற ஒரு தொழிற்சாலையில், தீயணைப்புப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் தேவை என்று பேட்டிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தீயணைப்பு! கதவு இல்லை, தடி இல்லை. அக்கா அவர் சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். மெரூன் தொப்பியைக் காகிதத்தில் சுற்றி என் டிபன் பையில் வைத்தோம். அதை அன்று அவர் எத்தனை தடவை சோதித்தார் என்று கேட்காதீர்கள்.

ஓங்கிய கைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறோம். அவை இறங்கவே இல்லை. ஏனென்றால் செம்பூர் வந்துவிட்டது. பாக்கெட்மாரை அடிப்பது முக்கியம்தான், ஆனால் ஆபீஸ் வருகைப் பதிவு மஸ்டரில் கையெழுத்து அதைவிட முக்கியம். வண்டி நிற்பதற்கு முன்பே நீதிமான்கள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராகக் குதித்து ஓடினார்கள். கோட்டுக்காரரும் தோல்பையை மார்போடு அணைத்துக்கொண்டு குதித்தார். அத்தான் வண்டி நின்றதும் நிதானமாக இறங்கினார்.

தொழிற்சாலையில் பேட்டி எடுக்கிற அறைக்குள் அத்தான் நுழைந்தால், மேஜைக்குப் பின்னால் அதே கோட்டு, அதே சந்தனக் கீற்று. பர்சனல் ஆபீசர் விஸ்வநாதன், மாதுங்காவாசி, பாலக்காட்டுக் குடும்பம். அத்தான் கையில் வைத்திருந்த தொப்பியை மாட்டிக்கொண்டு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

விஸ்வநாதன் தொப்பியைப் பார்த்தார், அதில் குத்தியிருந்த இறக்கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவருக்கு வியர்த்தது. மாதுங்கா மேடையில் அத்தானுக்குப் பொன்னாடை போர்த்தியவரே அவர்தான். போர்த்தியபோது மேலே இருந்த தொப்பியும் சின்னமும் மட்டும்தான் அவர் கண்ணில் பட்டிருந்தன. தொப்பி இல்லாத அந்த முகம் அவருக்குப் பாக்கெட்மார் முகமாகத்தான் தெரிந்தது.

நான் ஆபீசுக்கு அரை நாள் மட்டம் போட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்தது பிற்பாடு அத்தான் சொன்னது. விஸ்வநாதன் மன்னிப்புக் கேட்டார். ஏன் அப்படிப் பையைத் தடவினீர் என்று விசாரித்தார். அத்தான் விமானம், விளக்கு, வார், கொக்கி எல்லாம் விளக்கினார். கேட்கக் கேட்க விஸ்வநாதன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

தீயணைப்புக்கு வேறொரு சர்ட்டிபிகேட் வேண்டுமாம். வானத்திலிருந்து குதிக்க அத்தானிடம் சர்ட்டிபிகேட் இருந்தது, வாளியில் மணலை அள்ளிக் கொட்ட இல்லை. டைரக்டருடைய மைத்துனி மகன் ஒருவர் அந்த நாற்காலியில் முந்தின வாரமே உட்கார்ந்து தீயை அணைக்க ஆரம்பித்துவிட்டார் என்பது பிறகு தெரிந்தது.

அதற்காக விஸ்வநாதன் அத்தானை வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லை. எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஓய், உம்ம கை இருக்கே, இதுதான் எங்களுக்கு வேணும்" என்றார். "எத்தனை வேகம், எத்தனை நறுவிசு. கேட்ல நின்னு, ஷிப்ட் முடிஞ்சு போறவாளைத் தடவிப் பார்க்கணும். தினம் பித்தளை திருட்டுப் போறது."

அக்கா பேசினாள்

வேலை முடிந்து தொழிற்சாலையை விட்டுப் போகிறவர்களின் சட்டைப் பை, இடுப்பு, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் தடவிப் பார்க்கிற சோதனைக்குத் தொழிலாளிகள் 'ஜட்தி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே துப்புகிற மாதிரி இருக்கும். அந்த வேலைதான் அத்தானுக்கு.

பலபேருடைய உயிரைக் காப்பதற்கு என்று பழகிய கை அது. அதே வார், அதே கொக்கி, அதே தடவல். கம்பெனிக்கு அது திருடனைப் பிடிக்கிற கையாகத் தெரிந்தது. இதை நினைத்து நான் அன்றைக்குச் சிரித்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை கோலிக்கு வந்ததும் அத்தான் தொப்பியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஊருக்கே போய்விடலாம், பனங்காட்டைக் குத்தகைக்கு எடுக்கலாம் என்றார். பனை ஏறத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. இறங்கத்தான் தெரியும் என்பது ஊருக்கே தெரியும்.

அக்கா அடுப்பில் இருந்த குழம்பை இறக்கி வைத்தாள். பெண்கள் இரண்டும் ஒரே பாயில், ஒரே சிலேட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அக்கா சத்தம் போடுகிற ரகம் இல்லை. கரண்டியைக் கழுவிக்கொண்டே பேசினாள்.

"நீங்க வானத்துலேருந்து குதிச்சிய, சரி. கீழ எறங்குன பெறகு எனக்கும் பிள்ளையளுக்கும் நிக்கதுக்குத் தரை வேணும்லா? இத்தன வருசமா உங்க பச்ச வெளக்குக்காக நான் ஊர்ல காத்துக் கெடந்தேன். நானும் கதவுலதான் நின்னேன். என்னய யாராது வைஞ்சாவளா?"

அத்தான் சாப்பிட்டார், படுத்தார். திங்கட்கிழமை காலையில் என்னோடு ரயிலுக்கு வந்தார்.

கேட்டில்

அத்தான் கேட்டில் நின்ற முதல் மாதத்திலேயே அங்கே ஒரு மாற்றம் வந்தது என்று எனக்குத் தெரிந்த ஒரு வார்ப்படத் தொழிலாளி சொன்னார். முன்பு இருந்த காவல்காரர் தடவினால் உடம்பு கூசுமாம். அத்தான் தடவிவிட்டு, டப்பாவின் மூடி கழன்றிருந்தால் அழுத்தி மூடிக்கொடுப்பார். தோளில் ஒரு தட்டு, "ஓகே". முதலில் சிரித்தார்கள். பிறகு அந்தத் தட்டு விழாவிட்டால் நின்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஒருவனுடைய டப்பாவில் ரொட்டித் துணிக்கு அடியில் பித்தளைத் திருகுகள் இருந்தன. அத்தான் சத்தம் போடாமல் டப்பாவை மூடி அவன் கையில் கொடுத்து, வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னார். அவன் மறுபடி வந்து நின்றபோது டப்பா காலியாக இருந்தது. அவனுக்கும் தட்டு விழுந்தது.

இப்படியே போயிருந்தால் எனக்கு எழுத இவ்வளவு விஷயம் இருந்திருக்காது. அத்தான் ஒரு தப்புச் செய்தார். பட்டாளத்துக்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஒரு மாலை தொழிற்சாலை மானேஜர் காரை வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு, கையில் பையோடு அதே கேட் வழியாக வெளியே நடந்து வந்தார். அத்தான் சல்யூட் வைத்தார். வைத்துவிட்டு மானேஜரின் பையைத் தடவினார். கோட்டுப் பையைத் தடவினார். தோளில் தட்டினார்.

மானேஜர் கத்தியதில் உலையே அணைந்துவிடும்போல இருந்ததாம். மறுநாள் அத்தானை விஸ்வநாதன் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

விமானத்தில் கர்னல் துரையின் முதுகுப் பையை அவருக்குப் பின்னால் நிற்கும் சாதாரண ஜவான்தான் சோதிப்பான், பார்க்காமல் விட்டால்தான் கர்னலுக்குக் கோபம் வரும் என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். இது விமானம் இல்லை என்றார் மானேஜர். அது தெரிகிறது என்றார் அத்தான். ஆபீசர்களைச் சோதிக்கக் கூடாது, தொழிலாளிகளை மட்டும் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

"ஒரே கதவுன்னா ஒரே சட்டம் சாப்" என்றார் அத்தான். "ஒரு ஆள விடணும்னா நான் ஒருத்தரையும் தொட மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

மறுபடியும் வேலை போகப்போகிறது என்று நாங்கள் கோலியில் நாள் எண்ணிக்கொண்டு இருந்தோம். எதிர்க் கோலிக்கு அப்போதுதான் முன்பணம் கொடுத்திருந்தோம். என் கல்யாணத்தைக் கோயிலில் அறிவித்து ஓலை வாசிக்கப் பாதிரியாரிடம் சொல்லியாகிவிட்டது.

மானேஜரின் பையில் என்ன இருந்தது என்று அத்தானிடம் பல தடவை கேட்டிருக்கிறேன். "கனமா இருந்துச்சு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ஆபீசர்களுக்கு ஒரு கதவு

கம்பெனிக்கு அத்தானை அனுப்பவும் மனமில்லை, ஏனென்றால் திருட்டு குறைந்திருந்தது. ஆபீசர்கள் தடவப்படவும் முடியாது. விஸ்வநாதன் மூளைக்காரர். 'ஒரே கதவு, ஒரே சட்டம்' என்ற பேச்சில் அவருக்கு வழி கிடைத்துவிட்டது. சுவரை இடித்து, பெரிய கேட்டுக்குச் சற்றுத் தள்ளி, பச்சை வர்ணம் அடித்த ஒரு சின்ன கேட் வைத்தார்கள். அது ஆபீசர்களுக்கு மட்டும். அங்கே சோதனை கிடையாது, சல்யூட் மட்டும்.

கதவு என்று வந்துவிட்டால் அதற்கு ஒரு காவல் வேண்டுமே. யாரையும் தடவாத, ஆனால் நன்றாகச் சல்யூட் அடிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று விஸ்வநாதன் சொன்னார். அத்தான் அன்றைக்கே தாதருக்குப் போய், கல்யாண வீட்டு வாசலில் டிரம்மோடு நின்றிருந்த நாயக் ஷிண்டேயைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்படியாக, பாராட்டுக் கூட்டங்களும் சந்தன மாலைகளும் செய்ய முடியாததை ஆபீசர்களின் மானம் செய்தது. ஒரு பாராசூட் வீரருக்கு வேலை கிடைத்தது. சோதிக்கக் கூடாத கதவில், எதையும் பார்க்காமல் நிற்கிற வேலை. ஷிண்டே அதை மிக நன்றாகச் செய்தார் என்றும், அவர் சல்யூட்டைப் பார்ப்பதற்காகவே டைரக்டர் ஒரே நாளில் பல தடவை போய்வருவார் என்றும் கேள்வி.

எதிர்க் கோலிக்கு அக்கா குடும்பம் மாறியது. எனக்குக் கல்யாணம் ஆயிற்று. துணி காயப்போட்ட குத்துவிளக்கு அக்கா வீட்டுக்குப் போய் முதல் தடவையாகத் திரி கண்டது. எல்லாம் சுபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சயான் வரும்போது

ஒரு மழைக்கால மாலை. குர்லாவில் ஏறி, அத்தானும் நானும் வழக்கம்போலக் கதவோரம் நின்றோம். நான் முன்னால், அவர் பின்னால். ஈரச் சட்டைகளின் வாசனை, யாரோ வாங்கி வந்த வெந்தயக் கீரையின் வாசனை. சயான் நெருங்கியது. என் தோள் தன்னால் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் எதற்கோ காத்திருக்கிறேன் என்று.

எத்தனை நாளாக அது விழவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. மாதக்கணக்காகவே இருக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டிருந்தது நின்றுபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அத்தானின் இரண்டு கைகளும் கால்சட்டைப் பைக்குள் இருந்தன. அவ்வளவு நெரிசலில், கம்பியைக்கூடப் பிடிக்காமல், கைகளைப் பைக்குள் அடக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன அத்தான், இப்பல்லாம் தட்டுறதே இல்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் என் பையைப் பார்த்தார். வார் ஒன்று முறுக்கிக்கொண்டிருந்தது. கை வெளியே வரவில்லை.

"டியூட்டி முடிஞ்சிட்டுல்லா மாப்ளே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப யாரத் தொட்டாலும் ஜட்தி எடுக்க மாதிரியே இருக்கு" என்றார்.

பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. ஓடுகிற வண்டியிலிருந்து, எல்லோரையும்போல நானும் குதித்தேன். பிளாட்பாரத்தில் தடுமாறி நின்று திரும்பிப் பார்த்தேன். திட்டுகளையும் முட்டுகளையும் வாங்கிக்கொண்டு, வண்டி முழுவதும் நிற்கும்வரை, அத்தான் கதவிலேயே நின்றார்.